நடந்து தேறியவரும் நடந்ததால் விழுந்தவரும்

கேள்வி: எனக்கு வயது 44. நாமக்கல் மாவட்டத்தில் நடுநிலைப் பள்ளி ஆசிரியை. 2021 மே மாதம் என் கணவருக்குக் கொரோனா வந்து 14 நாள் மருத்துவமனையில் இருந்தார். அதில் 9 நாள் ஆக்சிஜன் வைத்திருந்தார்கள். பதினோரு கிலோ இளைத்து வீடு திரும்பியவர், ஆறே மாதத்தில் பழையபடி தோட்டத்து வேலைக்குப் போய்விட்டார். எனக்கு 2022 ஜனவரியில் வந்தது. மூன்று நாள் காய்ச்சல், தொண்டை வலி, அவ்வளவுதான். ஆனால் இரண்டரை ஆண்டாகியும் நான்தான் தேறவில்லை. கரும்பலகை முன் பத்து நிமிடம் நின்றால் நெஞ்சு படபடக்கிறது. வெங்காயம் வதங்கினால் அழுகல் வாடை அடிக்கிறது. “நான் நடந்துதான் தேறினேன், நீயும் நட” என்று கணவர் அதிகாலை ஐந்து மணிக்கு எழுப்பிவிடுகிறார். நடக்கிற அன்று நன்றாகத்தான் இருக்கிறது. அதற்கு மறுநாளோ மூன்றாம் நாளோ படுத்த படுக்கையாகிவிடுகிறேன். பரிசோதனைகள் எல்லாம் நார்மல் என்கிறார்கள். மாமியார் சோம்பல் என்கிறார். தடுப்பூசியால் வந்த வினை என்கிறான் என் தம்பி. எனக்கு என்னதான் ஆயிற்று, டாக்டர்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை நோயாளியின் கடிதமாகப் படித்தேன். இரண்டாம் முறை, ஒரே வீட்டில் ஒரே பெயருள்ள நோய் வந்து, இரு வேறு வழிகளில் நடந்துகொண்ட கதையாகப் படித்தேன். உங்கள் கணவர் சொல்வது பொய்யில்லை, அவர் நடந்துதான் தேறினார். அவரைத் தேற்றிய அதே நடைதான் உங்களை விழவைக்கிறது என்பதும் பொய்யில்லை. இவை இரண்டும் எப்படி ஒன்றாக உண்மையாக இருக்க முடியும் என்பது விளங்கிவிட்டால், உங்கள் வீட்டுச் சண்டையில் பாதி தீர்ந்துவிடும்.

முதலில் உங்கள் கணவரின் நோயைப் பார்ப்போம். 2021 மே என்பது தமிழ்நாட்டில் இரண்டாம் அலையின் உச்சம். அந்த மாதம் 21ஆம் தேதி மட்டும் ஒரே நாளில் 36 ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்குத் தொற்று உறுதியானது. அப்போது பரவியது டெல்டா வகை. நான் அந்த வாரங்களில் கொரோனா வார்டில் பணியில் இருந்தேன். நோயாளிகள் குப்புறப் படுக்கச் சொன்னால் படுப்பார்கள், ஆனால் கண் மட்டும், விரலில் மாட்டி இரத்தத்தின் ஆக்சிஜன் அளவைக் காட்டும் கருவியின் எண்ணைவிட்டு நகராது. அந்த எண் 88-லிருந்து 92-க்கு ஏறினால் பக்கத்துப் படுக்கைக்காரரும் சேர்ந்து சிரிப்பார். அந்த நோயாளிகளுக்கு என்ன நேர்ந்தது என்பது கண்ணுக்குத் தெரிந்தது: நுரையீரலின் காற்றறைகள் அழற்சியால் நீர் கோத்து நின்றன, சி.டி. ஸ்கேனில் அதை 25-க்கு இத்தனை என்று எண்ணாகச் சொன்னோம், அந்த எண்ணே அன்று ஊரெல்லாம் பேச்சாக இருந்தது. அழற்சியை அடக்க டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கொடுத்தோம். ஆக்சிஜன் தேவைப்படும் நோயாளிகளுக்கு அது உயிர்காக்கும் மருந்து என்பதை 2020 ஜூனில் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ரெக்கவரி ஆய்வு நிறுவியிருந்தது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு அதனால் பயனில்லை என்பதையும் அதே ஆய்வுதான் சொன்னது. இந்த இரண்டாம் பாதியை அன்று பலரும் காதில் வாங்கவில்லை என்பது வேறு வருத்தம்.

இரண்டு வாரம் படுக்கையில் கிடந்த உடம்பில் முதலில் கரைவது தசை. காய்ச்சல், பசியின்மை, ஸ்டீராய்டு மூன்றும் சேர்ந்து அதை இன்னும் வேகமாகக் கரைக்கும். உங்கள் கணவர் இழந்த பதினோரு கிலோவில் தொடையும் தோளும் கணிசமாக இருந்திருக்கும். தசை கரைந்ததால் வரும் தளர்ச்சிக்கு மருந்து உணவும் படிப்படியான உடற்பயிற்சியும்தான். இன்று வாசல் வரை, நாளை தெருமுனை வரை, அடுத்த மாதம் தோட்டம் வரை என்று நடக்க நடக்க உடல் திரும்ப வரும். அவருக்கு அதுதான் நடந்தது. ஆனால் அவர் விஷயத்திலும் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. ஸ்டீராய்டு எடுத்தவர்களில் பலருக்கு அப்போதுதான் சர்க்கரை முதன்முதலாக உயர்ந்தது. அது முற்றிலும் இறங்கிவிட்டதா என்று மூன்று மாதச் சராசரிப் பரிசோதனை செய்து பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். இரண்டாவது, அவருக்கு அரையிடுக்கில் வலி வந்தாலோ, சம்மணம் போட்டு உட்காரக் கஷ்டப்பட்டாலோ, தோட்டத்து வேலையால் வந்த சுளுக்கு என்று விட்டுவிட வேண்டாம். ஸ்டீராய்டு எடுத்த சிலருக்கு, மாதங்கள் கழித்து, தொடை எலும்பின் பந்து போன்ற தலைப்பகுதி இரத்த ஓட்டம் குறைந்து சிதைவது உண்டு. தொடக்கத்தில் எக்ஸ்ரே சுத்தமாக இருக்கும், எம்.ஆர்.ஐ. ஸ்கேனில்தான் தெரியும்.

இனி உங்களுக்கு வருவோம். உங்களுக்கு வந்த காலம் ஒமிக்ரான் அலை. நுரையீரலில் பெரிய சேதமில்லை, படுக்கையில் கிடக்கவில்லை, தசை கரையவில்லை. ஆகவே உங்கள் சோர்வு தசை கரைந்ததால் வந்ததன்று. கரையாத தசையை நடந்து மீட்கவும் முடியாது. உலக சுகாதார நிறுவனம் 2021 அக்டோபரில் இந்த நிலைக்கு ஒரு வரையறை தந்தது: தொற்று வந்து சுமார் மூன்று மாதமான பிறகும் இருக்கிற, குறைந்தது இரண்டு மாதம் நீடிக்கிற, வேறு நோயால் விளக்க முடியாத அறிகுறிகள். சோர்வு, மூச்சு வாங்குதல், ஞாபகத் தடுமாற்றம் ஆகியவை அதில் முதன்மையானவை. நம்மிடையே இதை நீடித்த கோவிட் என்கிறோம். முதலில் வந்த நோய் லேசாக இருந்தவர்களுக்கும் இது வரும். பெண்களிடம் கூடுதலாகக் காணப்படுகிறது. தொற்றின் கடுமைக்கும் தேறும் வேகத்துக்கும் நேர்க்கணக்கு கிடையாது என்பதை வார்டில் இருந்த நாங்களே தாமதமாகத்தான் கற்றோம்.

இந்த முடிவுக்கு வருமுன், வரையறையின் கடைசிச் சொற்றொடரை, அதாவது “வேறு நோயால் விளக்க முடியாத” என்பதை நான் லேசில் விடமாட்டேன். நீங்கள் இணைத்திருந்த அறிக்கைகளில் ஹீமோகுளோபின் 10.4 என்று இருக்கிறது, பக்கத்தில் யாரோ பேனாவால் ‘நார்மல்’ என்று எழுதியிருக்கிறார்கள். அது நார்மல் இல்லை. கர்ப்பிணி அல்லாத பெண்ணுக்கு 12-க்குக் கீழே போனாலே இரத்தசோகை. நம் பெண்களில் இவ்வளவு பேருக்கு இது இருப்பதாலேயே நம் கண் அதைக் கண்டுகொள்வதில்லை. இருப்பது வழக்கம் என்பதால் இருப்பது சரி என்று ஆகிவிடாது. மாதவிடாயில் உதிரப்போக்கு அதிகமா என்று உங்களிடம் எவரும் கேட்டதாகத் தெரியவில்லை. இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், தைராய்டுக்கான டி.எஸ்.எச்., வைட்டமின் பி-12, சர்க்கரை ஆகியவற்றைப் பாருங்கள். இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தாலோ, மாலையில் காய்ச்சல் அடித்தாலோ, எடை குறைந்தாலோ, கொரோனா மிச்சம் என்று இருந்துவிடாமல் அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். காசநோய் நம் ஊரில் இன்னும் போகவில்லை, பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம். தூக்கத்தில் குறட்டையும் மூச்சுத் தடையும் உண்டா, மனம் எதிலும் ஒட்டாமல் இருக்கிறதா என்பதையும் உங்கள் மருத்துவரிடம் சொல்லுங்கள். மனச்சோர்வைப் பற்றிக் கேட்டால் “எல்லாம் மனசுதான்” என்று தட்டிக்கழிப்பதாக நினைக்க வேண்டாம். தேறாத உடம்போடு இரண்டரை ஆண்டு வாழ்கிறவருக்கு மனம் தளராவிட்டால்தான் ஆச்சரியம்.

இரத்தசோகையைச் சரிசெய்தால் உங்களுக்குத் தெம்பு ஓரளவு கூடும். ஆனால் உங்கள் கடிதத்தில் இரத்தசோகையால் விளக்க முடியாத ஒரு வரி இருக்கிறது: “நடக்கிற அன்று நன்றாகத்தான் இருக்கிறது, அதற்கு மறுநாளோ மூன்றாம் நாளோ.” இரத்தசோகை உள்ளவருக்குப் படி ஏறும்போதே மூச்சு வாங்கும், உட்கார்ந்தால் தீரும்; நாள் தள்ளி வந்து அடிக்காது. கடிதத்தின் பின்பக்கத்தில், பொங்கலுக்கு முன் சனிக்கிழமை வீட்டை ஒட்டடை அடித்துப் போர்வைகளைத் துவைத்ததையும், ஞாயிறு சமாளித்ததையும், திங்கள் காலை பல் துலக்கக் கை தூக்க முடியாமல் போனதையும் எழுதியிருக்கிறீர்கள். இப்படி உழைப்புக்குப் பின் ஒன்று இரண்டு நாள் தாமதித்து வந்து, உழைப்புக்குச் சற்றும் பொருந்தாத அளவில் ஆளைச் சாய்க்கிற தளர்ச்சி, நீடித்த கோவிட்டின் ஒரு முக்கிய வகைக்கு அடையாளம். உடலுழைப்பு மட்டுமல்ல, விடைத்தாள் திருத்துவது, திருமண வீட்டில் நாள் முழுக்கப் பேசுவது போன்ற மூளையுழைப்பும் இதைக் கிளப்பும். 2024 ஜனவரியில் வெளியான ஆம்ஸ்டர்டாம் ஆய்வொன்றில், இத்தகைய 25 பேரை சைக்கிள் மிதிக்கவைத்து, முன்னும் பின்னும் தொடைத் தசையிலிருந்து திசு எடுத்துப் பார்த்தார்கள். உயிரணுக்களுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவின் வேலை குறைந்திருந்தது, உழைப்புக்குப் பின் தசையில் சேதமும் கூடியிருந்தது. வழக்கமான இரத்தப் பரிசோதனையிலும், இதயத்தைப் பார்க்கும் எக்கோ ஸ்கேனிலும் இவை தெரியாது. உங்கள் மற்ற அறிக்கைகள் நார்மலாக இருப்பதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். இதை உங்கள் மாமியாரிடம் எப்படிச் சொல்வது என்று நான் யோசித்துப் பார்த்தேன். சோம்பேறி வேலைக்கு முன் படுப்பார், நீங்கள் வேலையை முடித்து இரண்டு நாள் கழித்தல்லவா படுக்கிறீர்கள்? அப்படிச் சொல்லிப் பாருங்கள்.

எனவே ஐந்து மணி நடையை இப்போதைக்கு நிறுத்துங்கள். உடம்பு தாங்குகிறதா என்று பாராமல் உடற்பயிற்சியைக் கூட்டிக்கொண்டே போகும் முறை, உங்களைப் போன்ற தளர்ச்சி உள்ள நாட்பட்ட சோர்வு நோயாளிகளுக்கு ஆகாது என்று பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டி அமைப்பான நைஸ் 2021 அக்டோபரில் தன் பழைய பரிந்துரையையே திரும்பப் பெற்றுக்கொண்டது. அதற்காகக் கட்டிலோடு கிடக்கவும் வேண்டாம். உங்கள் உடம்பு ஒரு நாளைக்குத் தாங்குகிற அளவு எவ்வளவு என்று கண்டுபிடித்து, அதற்குச் சற்றுக் கீழேயே நிற்கப் பழக வேண்டும். ஒரு பழைய பாடக்குறிப்பு நோட்டை எடுத்து, இரண்டு வாரம், அன்றன்று செய்த வேலைகளையும் எத்தனை மணி நேரம் நின்றீர்கள் என்பதையும் ஒரு பக்கமும், மறுநாள், மூன்றாம் நாள் உடம்பு எப்படி இருந்தது என்பதை எதிர்ப்பக்கமும் எழுதுங்கள். எந்த நாளின் கடன் எந்த நாளில் வசூலாகிறது என்று நீங்களே பார்ப்பீர்கள். பிறகு வேலையை நறுக்கிப் போடுங்கள்: காய் நறுக்குவதை உட்கார்ந்து, மாவு ஆட்டுவதை ஒரு நாள், துணியை வேறு நாள், இரண்டு வேலைக்கு நடுவில் களைப்பு வரும் முன்பே பதினைந்து நிமிடம் கண்ணை மூடிப் படுப்பது. நல்ல நாள் வந்தால் விட்டுப்போன வேலையையெல்லாம் முடித்துவிடத் தோன்றும்; உங்களைக் கவிழ்ப்பது பெரும்பாலும் அந்த நல்ல நாள்தான். தலைமையாசிரியரிடம் பேசி, வகுப்பில் நாற்காலியில் அமர்ந்து நடத்தவும், தொடர்ச்சியாக மூன்று பாடவேளை வராமல் அட்டவணையை மாற்றவும் கேளுங்கள். வேண்டுமென்றால் உங்கள் மருத்துவரிடம் ஒரு கடிதம் வாங்கிக் கொடுங்கள். ஒரு மாதம் விழாமல் கழிந்த பின், சிறிது சிறிதாகக் கூட்டிப் பார்க்கலாம். கூட்டிய பின் மூன்று நாள் காத்திருந்து பார்ப்பது கட்டாயம்.

நிற்கும்போது நெஞ்சு படபடப்பதைத் தனியாகப் பார்க்க வேண்டும். நாம் எழுந்து நிற்கும்போது இரத்தம் காலுக்கு இறங்கும். தன்னியக்க நரம்புகள் அதை உடனே மேலே ஏற்றிவிடும். கொரோனாவுக்குப் பின் சிலருக்கு இந்த ஏற்பாடு பழுதாகி, இதயம் வேகமாகத் துடித்து ஈடுகட்டப் பார்க்கிறது. இதை வீட்டிலேயே ஓரளவு அறியலாம். 2021இல் உங்கள் கணவருக்காக வாங்கிய பல்ஸ் ஆக்ஸிமீட்டர் அலமாரியில் கிடப்பதாக எழுதியிருக்கிறீர்களே, அது போதும். காலையில் பத்து நிமிடம் அசையாமல் படுத்திருந்து நாடித்துடிப்பைக் குறியுங்கள். பிறகு எழுந்து, சுவரில் லேசாகச் சாய்ந்து, காலை ஆட்டாமல் நின்று, இரண்டாவது, ஐந்தாவது, பத்தாவது நிமிடத்தில் குறியுங்கள். பக்கத்தில் ஒருவர் இருக்கட்டும், தலை சுற்றினால் உடனே படுத்துவிடுங்கள். இரத்த அழுத்தம் பெரிதாக இறங்காமல், துடிப்பு மட்டும் நிமிடத்துக்கு 30 அல்லது அதற்கு மேல் கூடி அப்படியே நீடித்தால், அந்தக் குறிப்போடு மருத்துவரைப் பாருங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் உங்கள் தெருவுக்கு வரும் ஊழியரிடம் இரத்த அழுத்தக் கருவி இருக்கும், படுத்தும் நின்றும் பார்த்துத் தரச் சொல்லுங்கள். இது உறுதியானால் தண்ணீரையும் உப்பையும் கூட்டச் சொல்வோம், இறுக்கமான காலுறை போடச் சொல்வோம், தேவைப்பட்டால் துடிப்பைக் குறைக்கும் மாத்திரையும் உண்டு. ஆனால் இரத்த அழுத்தம் ஏற்கெனவே கூடுதலாக இருப்பவர் உப்பைக் கூட்டக் கூடாது, அதனால் பார்க்காமல் தொடங்க வேண்டாம். உங்கள் இரத்தசோகையும் துடிப்பைக் கூட்டும் என்பதால், அதைச் சரிசெய்த பின் இன்னொரு முறை பார்ப்பது நல்லது.

வாடை விஷயம் எனக்குச் சொந்த அனுபவம். 2020 இறுதியில் எனக்குத் தொற்று வந்து, ஒரு காலையில் ஃபில்டர் காபியை முகத்தருகே கொண்டுபோனபோது அது வெறும் வெந்நீராக இருந்தது. நான்கு மாதம் கழித்து மணம் திரும்பியபோது, காபி கருகிய ரப்பராக வந்து சேர்ந்தது. மூக்கின் உள்ளே மேற்பகுதியில் சேதமான இடம் மீண்டு வரும்போது நரம்பு இணைப்புகள் தாறுமாறாகி மணம் இப்படித் திரிந்து வரும். காபி, வெங்காயம், பூண்டு, வறுத்த இறைச்சி ஆகியவைதான் பெரும்பாலோருக்குத் தொல்லை கொடுப்பவை. இதற்கு ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் தோமஸ் ஹும்மல் என்பவரும் குழுவினரும் 2009இல் வெளியிட்ட முகர்வுப் பயிற்சி ஒன்று உண்டு. அவர்கள் பயன்படுத்திய நான்கு மணங்கள் ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, நீலகிரித் தைலம். நம் வீட்டு அலமாரியில் இல்லாத பொருளாக ஒன்றும் இல்லை. ஒவ்வொன்றையும் சுமார் இருபது விநாடி மெல்ல முகர்ந்து, அதன் பழைய மணத்தை மனதில் கொண்டுவர முயல வேண்டும். காலை, இரவு இருவேளையும், குறைந்தது மூன்று மாதம் செய்ய வேண்டும். இரண்டரை ஆண்டு கடந்த பிறகு முழுதாகத் திரும்பும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன், ஆனால் செலவில்லாத, கெடுதலில்லாத முயற்சி இது. மூக்கு சரியாகும் வரை ஒன்றை மறக்காதீர்கள்: சமையல் எரிவாயு கசிந்தால் உங்களுக்குத் தெரியாமல் போகலாம், இரவில் சிலிண்டரை மூடிவிட்டுப் படுங்கள்.

தம்பிக்குச் சுருக்கமாகப் பதில். தடுப்பூசிகளுக்கு அரிதான பக்கவிளைவுகள் இருந்தன, அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் உங்கள் கதையில் அறிகுறிகள் தொடங்கியது தொற்றுக்குப் பின், ஊசிக்குப் பின் இல்லை என்று உங்கள் தேதிகளே சொல்கின்றன. இளவயதில் திடீரென இறந்தவர்களைப் பற்றி இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 47 மருத்துவமனைகளில் நடத்தி 2023இல் வெளியிட்ட ஆய்விலும், தடுப்பூசியால் அந்த ஆபத்து கூடவில்லை என்றுதான் தெரிந்தது. முன்பு கொரோனாவுக்காக மருத்துவமனையில் சேர்ந்திருந்தது, குடும்பத்தில் அப்படிப்பட்ட மரணம் நடந்திருந்தது, இறப்பதற்கு முந்தைய இரு நாட்களில் மிகையாகக் குடித்தது அல்லது கடுமையாக உடலை வருத்தியது ஆகியவைதான் ஆபத்தோடு சேர்ந்து காணப்பட்டன.

மருந்தைப் பொறுத்தவரை, இந்தச் சோர்வை நேரடியாகப் போக்கும் மாத்திரை என்று நிரூபணமான ஒன்று இன்று இல்லை. எதிர்ப்புச் சக்தி கூட்டும் பொடி, ஆறு மாதப் பேக்கேஜ் என்று விற்பவர்களிடம் உங்கள் சம்பளத்தைக் கொடுக்க வேண்டாம். இரண்டு நாளில் குதிரை மாதிரி ஆக்குகிறது என்று யாராவது பெயரில்லாப் பொட்டலம் கொடுத்தால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்குமோ என்று சந்தேகப்படுங்கள். நடுநெஞ்சில் அழுத்தும் வலி, மயங்கி விழுதல், ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தல், உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறல் ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் நோட்டில் எழுதிக்கொண்டிருக்காமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

கடைசியாக உங்கள் கணவருக்கு, அவர் இதைப் படிப்பார் என்ற நம்பிக்கையில்: ஐயா, உங்களை நடக்கவைத்தது உங்கள் மனவுறுதி, அதில் ஐயமில்லை. ஆனால் உங்கள் மனைவியிடம் குறைந்திருப்பது மனவுறுதி இல்லை. விழுவோம் என்று தெரிந்தும் இரண்டரை ஆண்டாக நீங்கள் எழுப்பியபோதெல்லாம் எழுந்து வந்திருக்கிறாரே. ஐந்து மணிக்கு அவரை எழுப்புவதை விட்டு, அந்த நேரத்தில் நீங்கள் எழுந்து, அவர் படுத்தபடி இருக்கும்போதும் சுவரில் சாய்ந்து நிற்கும்போதும் துடிப்பைக் குறித்துக் கொடுங்கள். மூன்று ஆண்டாக அலமாரியில் கிடந்த கருவியில் பேட்டரி கசிந்து துருப்பிடித்திருக்கும். துடைத்துவிட்டு, புதிதாக இரண்டு போட்டு, முதலில் உங்கள் விரலில் மாட்டிச் சரியாகக் காட்டுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.